கிணற்றிலிருந்து எழுபத்தொரு அடி

போன ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்ததும் எங்கள் பங்குச் சுவாமி என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் கையில் தந்தார். "ஐயா, இத உங்களத் தவிர வேற ஆராலயும் செய்ய ஏலாது" என்றார். கொஞ்சம் புகழ்ந்தால் எந்த வேலையையும் என் தலையில் கட்டிவிடலாம் என்பது எங்கள் பங்கில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுவாமி இங்கே வந்து இரண்டு வருடந்தான். அவரும் அதைக் கற்றுக்கொண்டுவிட்டார்.

போரில் இறந்த படையினரின் கல்லறைகளைப் பராமரிக்கிற ஒரு வெளிநாட்டு அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் அது. இரண்டாவது உலகப் போர்க் காலத்தில் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு படை வாவிக் கரையில் முகாம் அடித்திருந்ததாம். அதில் மூன்று பேர் ஒரே கிழமைக்குள் காய்ச்சலில் செத்துப்போனார்கள். மூன்று பேரும் வேதக்காரர்கள் என்பதால் எங்கள் சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டார்கள். இடத்தை நிச்சயமாகக் காட்டினால் பெயர் வெட்டிய கல் நாட்டித் தருவோம் என்று எழுதியிருந்தார்கள். கூடவே அந்தக் காலத்தில் யாரோ பென்சிலால் கீறிய ஒரு படத்தின் பிரதியும் இருந்தது. கடிதத்தின் கடைசியில் ஒரு வரி. மூன்றாவது ஆளின் தங்கையின் பிள்ளைகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், அவர் எந்தத் திசையில் தலை வைத்துக் கிடக்கிறார் என்று அவர்கள் அறிய விரும்புகிறார்கள் என்று.

நான் நில அளவைக் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் படவரைஞனாக இருந்தவன். வயல், வாய்க்கால், தோட்டம், எல்லைச் சண்டை என்று இந்த மாவட்டத்தில் நான் கீறாத துண்டு நிலம் குறைவு. என் படத்தில் ஒரு கோடு பிசகியது என்று எவரும் சொன்னது கிடையாது. இதை நான் பலபேரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். என் மனைவி உயிரோடு இருந்தபோது, நான் இந்தப் பேச்சைத் தொடங்கினாலே எழுந்து குசினிக்குள் போய்விடுவாள். அன்றைக்குச் சுவாமியிடமும் அதைச் சொல்லிவிட்டுத்தான் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

எங்கள் சேமக்காலை கடலுக்கும் வாவிக்கும் நடுவில், மணல் திட்டியில் இருக்கிறது. ஒரு பக்கம் அலைச் சத்தம் கேட்கும். மறுபக்கம் வாவியில் தோணிக்காரர் பேசுவது கேட்கும். அடம்பன் கொடி எல்லாவற்றையும் மூடிக்கொண்டு கிடக்கும். நவம்பர் இரண்டாம் திகதி, மரித்த ஆத்துமாக்களின் நாளுக்கு முதல் கிழமை சனங்கள் வந்து கொடியை இழுத்துப்போட்டு, கல்லறைகளைக் கழுவி, சுண்ணாம்பு அடிப்பார்கள். மற்ற நாட்களில் ஆடுகள்தான் வரும்.

படையினருக்கான நினைவுச் சின்னத்துக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமே இல்லை. வெள்ளைக்காரன் காலத்து அதிகாரி ஒருவனின் தூண் சேமக்காலை வாசலில் நிற்கிறது. சுனாமி அலை வந்தபோதும் அது அசையவில்லை. இப்போதைய படையினரின் நினைவுத்தூபி பெரிய வீதியில் இருக்கிறது, அதற்கு நாள்தோறும் ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார். வாவிக்கு மேற்கே வயல் பக்கத்தில் இயக்கத்தில் போராடிச் செத்த பிள்ளைகளின் துயிலும் இல்லம் இருந்தது. அதை இயந்திரத்தால் வழித்துத் தள்ளிவிட்டார்கள். அங்கே கார்த்திகை மாதம் தாய்மார் போய், தரையைப் பார்த்துக் குத்துமதிப்பாக உட்கார்ந்து அழுதுவிட்டு வருவார்கள். இந்த மூன்று ஆபிரிக்கப் பிள்ளைகளை மட்டும் எவரும் இடிக்கவும் இல்லை, கழுவவும் இல்லை.

திங்கட்கிழமை காலை வேலையைத் தொடங்கினேன். பங்கில் குழி வெட்டுகிறவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. பேச்சு குறைவு. ஒரு அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டுவந்தார், நான் அளவு நாடா கொண்டுபோனேன். படத்தில் எல்லா அளவும் கிணற்றிலிருந்துதான் தொடங்கின. கிணற்றின் நடுவிலிருந்து மதிலின் வடமேல் மூலைக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டில் ஐம்பத்தொன்பதாவது அடியில் முதல் ஆள், அறுபத்தைந்தில் இரண்டாவது, எழுபத்தொன்றில் மூன்றாவது. கீறியவன் யாரென்று தெரியாது. ஆனால் கை சுத்தமானவன். தொழில் தெரிந்தவனின் கோடு எனக்குப் பார்த்தவுடனே தெரியும்.

கிணறு எங்கே என்பதுதான் முதல் சிக்கல். அலைக்குப் பிறகு அதை மூடிவிட்டார்கள். மதிலும் விழுந்து, புது மதில் வேறு இடத்தில் கட்டியிருந்தார்கள். குழி வெட்டுகிறவர் அரை நாள் அலவாங்கால் குத்திக் குத்திப் பார்த்துக் கிணற்றின் கொங்கிறீட் வளையத்தைக் கண்டுபிடித்தார். பழைய மதிலின் அத்திவாரம் மறுநாள் அகப்பட்டது. நான் நாடாவைப் பிடித்து முதல் அளவை வைத்தேன். அவர் குத்தினார். இரண்டடி ஆழத்தில் டங்கென்று கேட்டது.

"கட்டு கிடக்கு" என்றார்.

மணலை வாரினோம். செங்கல் வைத்துக் கட்டிய விளிம்பும், அதன் நடுவில் சுண்ணாம்பு போட்ட தளமும் தெரிந்தன. தளத்தில் ஒரு சிறிய சிலுவை கீறியிருந்தது. அறுபத்தைந்தாவது அடியிலும் அப்படியே. அளவு ஒரு விரல் கூடப் பிசகவில்லை. எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோசம். எண்பது வருடத்துக்கு முன் ஒருவன் வைத்த அளவும் நான் வைக்கிற அளவும் ஒத்துவருகின்றன என்று குழி வெட்டுகிறவருக்கு விளக்கத் தொடங்கினேன். அவர் பீடி பற்றவைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

மூன்றாவது அளவை வைக்க நாடாவை இழுத்துக்கொண்டு போனேன். எழுபத்தோராவது அடியில் ஒரு சிலுவை நின்றது. சீமெந்தால் வார்த்தது. தோணிக்கு அடிக்கிற நீல நிறப் பூச்சு. பெயர் இல்லை. அடியில் போன வருடத்து மெழுகு உருகிக் கட்டியாகக் கிடந்தது.

நாடாவைச் சுருட்டிவிட்டுத் திரும்பவும் கிணற்றிலிருந்து அளந்தேன். எழுபத்தொன்று. மூன்றாம் தரம் குழி வெட்டுகிறவரை நாடா பிடிக்கச் சொல்லி நானே போய் முனையில் நின்றேன். நீலச் சிலுவை என் முழங்காலில் முட்டியது.

அந்தச் சிலுவையை அந்த இடத்தில் நட்டவன் நான்.

அதைச் சொல்வதற்கு அலை வந்த ஞாயிற்றுக்குப் போக வேண்டும். என் வீடு வாவிப் பக்கம். தண்ணீர் எங்கள் ஒழுங்கை முனைவரை வந்து திரும்பிப் போய்விட்டது. என் வீட்டில் ஒரு கோழி கூடச் சாகவில்லை. கடற்கரைப் பக்கம் வீட்டுக்கு இரண்டு பேர், மூன்று பேர் என்று போயிருக்க, எனக்கு ஒருவரும் போகவில்லை. யாராவது வழியில் கண்டு "வீட்டில எப்படி" என்று கேட்டால் பதில் சொல்லக் கூசும். அந்தக் கூச்சத்தில்தான் சேமக்காலை வேலைக்குப் போனேன். முதலில், அலையில் செத்தவர்களைப் பெரிய குழிகளில் அடக்கம் செய்தோம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் பழைய கல்லறைகளைப் பார்த்தோம். அலை எல்லாச் சிலுவைகளையும் பிடுங்கி, மேற்கு மூலையில் குவித்துவிட்டுப் போயிருந்தது. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. முற்றம் கூட்டிவிட்டது மாதிரி மணல் பரவிக் கிடந்தது. நாங்கள் நாலு பேர் சிலுவைகளைத் தூக்கி நட்டோம். பெயர் இருந்தவற்றுக்குச் சொந்தக்காரர் வந்து இடத்தைச் சொன்னார்கள், அல்லது சொல்ல ஆள் மிஞ்சவில்லை. பெயர் இல்லாத சிலுவைகள் ஏழு. அவற்றை எங்கே நடுவது என்று மற்ற மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான்தானே படம் கீறுகிறவன். நான் ஒரு கயிறு கட்டி, நேர்கோடு பிடித்து, ஆறடிக்கு ஒன்றாக ஏழையும் நட்டுவிக்கத் தொடங்கினேன். பார்க்க ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எந்த எண்ணமும் எனக்கு இருக்கவில்லை.

அப்போதுதான் அவள் வந்தாள். எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் இருக்கிறவள். முகம் தெரியும், பேசிப் பழக்கமில்லை. குவியலுக்குள் கிடந்த நீலச் சிலுவையைக் கண்டு அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அது அவளுடைய மகனுடையது.

அந்த வருடம் சித்திரையில்தான் இயக்கம் இரண்டாக உடைந்து, ஒரே சட்டியில் சாப்பிட்ட பிள்ளைகள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். அதில் அவளுடைய மகனும் போனான். பதினேழு வயது. எந்தப் பக்கம் நின்று செத்தான் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. துயிலும் இல்லத்தில் அவனுக்கு இடம் கேட்க முடியாது. தகப்பனும் தாய்மாமனும் உடலை ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டுவந்து, பொழுது சாயும் நேரம் அவசரமாக எங்கள் சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள். பயத்தில் பெயர் எழுதவில்லை. அவள் மயங்கிக் கிடந்ததால் அடக்கத்துக்கு வரவில்லை. பிறகு நவம்பரில், ஆத்துமாக்களின் நாளில், சனத்தோடு சனமாக ஒரு தடவை வந்து ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு ஓடிப்போயிருக்கிறாள். அடுத்த மாதம் அலை வந்தது. இடம் தெரிந்த தகப்பனையும் தாய்மாமனையும் அது கொண்டுபோய்விட்டது.

"பூவரச மரத்துக்குக் கிட்ட அண்ணன்" என்றாள். "எந்த இடமெண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

பூவரச மரமும் இல்லை, அது நின்ற குழியும் இல்லை. எனக்குத் தெரியாது. அந்தச் சொல்லை அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொழுதும் பட்டுக்கொண்டிருந்தது, எனக்குக் களைப்பு, கயிற்றில் ஒரு இடம் காலியாக இருந்தது. நான் கையை நீட்டிக் காட்டினேன்.

"இதுதான் தங்கச்சி" என்றேன்.

அவள் அந்த மணலில் முகம் வைத்துக் கும்பிட்டாள். நாங்கள் சிலுவையை நட்டோம்.

அன்றிலிருந்து அவள் எனக்குச் சொந்தக்காரி மாதிரி ஆகிவிட்டாள். காலையில் வீட்டு வாசலில் இடியப்பம் அவித்து விற்றுத்தான் அவள் சீவியம் போகிறது. என் மனைவி போன பிறகு என் காலைச் சாப்பாடு அவளிடம்தான். பத்து இடியப்பம் கேட்பேன், பார்சலைத் திறந்தால் பன்னிரண்டு இருக்கும். "கூட வெச்சிட்டீங்க" என்றால், "சாப்பிடுங்க அண்ணன். என்ட பிள்ளையக் கண்டுபிடிச்சித் தந்த மனிசன்" என்பாள். அந்தப் பேச்சை மற்றவர்கள் முன்னாலும் சொல்வாள். முதல் ஒன்றிரண்டு வருடம் எனக்குத் தொண்டையில் இறங்காது. பிறகு இறங்கத் தொடங்கியது. நான் சொன்னது சரியாகவும் இருக்கலாம் என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன். இப்படித்தான் மனிதன் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்கிறான் என்று எழுதலாம், ஆனால் மனிதனை ஏன் இழுக்க வேண்டும், ஏமாற்றியவன் நான்.

குழி வெட்டுகிறவர் நீலச் சிலுவையைப் பக்குவமாகப் பிடுங்கி ஒரு பக்கம் வைத்தார். மணலை வாரினோம். அதே செங்கல் விளிம்பு. அதே சுண்ணாம்புத் தளம், ஒரு வெடிப்பும் இல்லாமல். அதைக் கட்டிய நாளுக்குப் பிறகு அந்த இடத்தில் எவரும் குழி வெட்டியதில்லை. பிள்ளை அங்கே இல்லை. அங்கே ஒருநாளும் இருக்கவில்லை.

"மூடுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அந்தச் சிலுவை யாருடையது என்று அவருக்கும் தெரியும். மணலை இழுத்துப் போட்டு, சிலுவையைத் திரும்பவும் நட்டார்.

சுவாமிக்குக் கொடுக்க வேண்டிய தாளில் நான் முதலில் இப்படித்தான் எழுதினேன்: இரண்டு கல்லறைகள் கண்டுபிடிக்கப்பட்டன, மூன்றாவது கடல் அனர்த்தத்தில் அழிந்திருக்கலாம். பென்சிலால் எழுதினேன். அந்தத் தாள் இரண்டு நாள் மேசையில் கிடந்தது. ஒருவருக்கும் தீங்கில்லாத பொய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எண்பது வருடத்துக்கு முன் செத்த ஒருவனுக்கு இனிக் கல் எதற்கு. ஆனால் கடிதத்தின் கடைசி வரி என்னை விடவில்லை. எங்கேயோ ஒரு ஊரில் அவனுடைய மருமக்கள் அவன் தலைமாடு எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள். தளத்தில் கீறிய சிலுவையின் மேல்முனை இருந்த பக்கத்தை வைத்து எனக்கு அது தெரியும். கிழக்கே கால், மேற்கே தலை. ஒரு தாயிடம் தெரியாததைத் தெரியும் என்று சொன்னவன், இப்போது இன்னொரு குடும்பத்திடம் தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லப் போகிறேன்.

நான் பென்சிலால் எழுதியதை அழித்தது நல்லவன் என்பதால் அல்ல. பயத்தில் அழித்தேன். இதையும் விழுங்கிக்கொண்டு பன்னிரண்டு இடியப்பம் சாப்பிட என்னால் முடியாது என்று தெரிந்துவிட்டது.

அழிப்பதற்கு முன் இன்னொன்றும் செய்து பார்த்தேன். மூன்று நாள் தனியாகச் சேமக்காலைக்குப் போய் அந்தப் பூவரசைத் தேடினேன். வேர் ஏதும் கிடக்குமா என்று அலவாங்கால் குத்தினேன். வயது போனவர்களிடம் கேட்டேன். ஒருவர் மேற்கே நின்றது என்றார், ஒருவர் கிணற்றடியில் என்றார், ஒருவர் பூவரசே இல்லை, வேம்பு என்று சாதித்தார். அலைக்குப் பிறகு வெட்டிய பெரிய குழிகளுக்கு நடுவில் எங்கேயோ அந்தப் பிள்ளை கிடக்கிறான். அந்தக் குழிகளை வெட்டும்போது நாங்களே அவனைக் கிளறியிருக்கவும் கூடும். எனக்குத் தெரிந்த தொழிலில் இதற்கு வழி இல்லை. அளவு தொடங்குவதற்கு ஒரு புள்ளியாவது வேண்டும்.

ஒரு பின்னேரம் அவள் வீட்டுக்குப் போனேன். குசினி வாசலில் உட்கார்ந்து மா அரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணன். இந்த நேரத்தில வரமாட்டீங்களே. இருங்க, தேத்தண்ணி ஊத்திறன்."

"வேணாம் தங்கச்சி. ஒரு கதை சொல்ல வந்தன்."

உட்காராமலே சொன்னேன். உட்கார்ந்தால் சுற்றி வளைத்துப் பேசுவேன் என்று எனக்குப் பயமாக இருந்தது. "நான் உங்களுக்குக் காட்டின இடம் பிழை. நீலக் குருசு நிக்கிற இடத்தில உங்கட பிள்ளை இல்ல. அண்டைக்கு எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் காட்டினன்."

அரிதட்டு நிற்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே ஆடிக்கொண்டிருந்தது. மா விழுந்து முடிந்து, வெறும் தட்டு ஆடியது.

"அப்ப அது ஆர்ர இடம்?"

"வெள்ளக்காரன்ட காலத்தில ஆபிரிக்காவிலயிருந்து வந்த ஒரு பொடியன். காய்ச்சல்ல செத்தது. ஆமில இருந்தவன்."

"ஆமிக்காரனா?"

"இஞ்சத்த ஆமி இல்ல" என்றேன். "அது வேற ஆமி. வேற சண்டை." சொன்ன பிறகு அந்தப் பேச்சு எனக்கே அசிங்கமாக இருந்தது.

அவள் அரிதட்டைக் கீழே வைத்தாள். கையிலிருந்த மாவைச் சீலையில் துடைத்தாள்.

"எத்தின வயசு அவனுக்கு?"

"பத்தொன்பது எண்டு கடிதத்தில எழுதிக் கிடக்கு."

"அவனுக்கும் தாய் இரிந்திருப்பாதானே" என்றாள். பக்கத்து வீட்டில் யாரோ தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் அவள் என்னைப் பார்க்காமல், மாவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அப்ப என்ட பிள்ளைக்கு இவ்வளவு வருசமா ஒருத்தரும் ஒரு மெழுகுதிரி கொளுத்தல்ல."

"அப்படிச் சொல்லாதீங்க தங்கச்சி. எங்க கொளுத்தினாலும் ஆண்டவருக்குத் தெரியும், ஆருக்கெண்டு."

"அதச் சுவாமி சொல்லட்டும்" என்றாள். "நீங்க சொல்லாதீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"தெரியா எண்டு அண்டைக்கே சொல்லியிருந்தா, நான் எல்லாக் குழியிலயும் ஒவ்வொண்டு கொளுத்தியிரிப்பன். ஏதோவொண்டு அவனுக்குப் பட்டிருக்கும்" என்றாள். குரல் உயரவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். நினைத்ததற்காக வெட்கப்பட்டேன்.

மறுநாள் காலை அவளிடம் போவதா விடுவதா என்று யோசித்தேன். போகாமல் விட்டால் இன்னும் கேவலம் என்று போனேன். வழக்கம் போலப் பத்து இடியப்பம் கேட்டேன். அவள் வழக்கம் போலக் கட்டித் தந்தாள், சம்பலும் சொதியும் வைத்தாள். வீட்டுக்கு வந்து திறந்து எண்ணிப் பார்த்தேன். பத்து இருந்தது.

சுவாமியிடம் தாளைக் கொடுத்தேன். மூன்று கல்லறைகளும் கண்டுபிடிக்கப்பட்டன, மூன்றாவது ஆளின் தலை மேற்கே இருக்கிறது, கால் கடற்பக்கம். நடந்ததையும் சொன்னேன். சுவாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எனக்காகச் செபிப்பதாகச் சொன்னார். நல்ல மனிதர். அவர் கையைப் பிடித்தபோது எனக்கு ஒரு ஆறுதலும் வரவில்லை. குழி வெட்டுகிறவர் மூன்று இடத்தையும் சுற்றிக் கட்டை அடித்து நூல் கட்டினார். நீலச் சிலுவையைப் பிடுங்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் மதிலில் சாத்தி வைத்தார். அதைக் கேட்க அவர் என்னிடம் வரவில்லை.

நவம்பர் இரண்டாம் திகதி காலையிலேயே மழைக் குணம். வாடைக்காற்று சவுக்கு மரங்களில் இரைந்துகொண்டிருந்தது. மூன்று மணிக்கு மேல் தூறல் விட்டதும் சனங்கள் வரத் தொடங்கினார்கள். கையில் பூ, மெழுகுதிரி, ஒரு போத்தல் தண்ணீர். சின்னவர்கள் சேற்றில் வழுக்கி விளையாடினார்கள், பெரியவர்கள் அதட்டினார்கள். சுவாமி ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போனார். நான் என் மனைவியின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றி, காற்றுக்கு அணையாமல் ஒரு தகரப் பேணியைச் சாத்திவிட்டு நிமிர்ந்தபோது அவளைக் கண்டேன்.

வாசலில், அந்த வெள்ளைக்கார அதிகாரியின் தூணுக்குப் பக்கத்தில், குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வருடா வருடம் நேராக நடந்து போகிறவள், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றாள். பிறகு மெல்ல நடந்து நூல் கட்டிய இடத்துக்கு வந்தாள். மூன்றாவது ஆளின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். கையில் இருந்த பூவில் பாதியைக் குனிந்து அவனுக்குப் போட்டாள். மிச்சப் பூவையும் மெழுகுதிரியையும் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். மதிலில் சாத்தியிருந்த நீலச் சிலுவையைக் கண்டாள். அதற்குக் கிட்டப் போகவில்லை.

நான் போய் ஏதாவது பேச வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் அவளே என்னிடம் வந்துவிட்டாள். எப்போதும் போல ஒரே ஒரு மெழுகுதிரிதான் கொண்டுவந்திருந்தாள். அதையும் பூவையும் நீட்டினாள்.

"இந்தாங்க அண்ணன். நீங்க வைங்க."

"எங்க தங்கச்சி?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். "அண்டைக்கும் நீங்கதானே காட்டினீங்க."

நான் வாங்கிக்கொண்டேன். அவள் கோபத்தில் சொல்கிறாளா, வேறு வழியில்லாமல் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அவள் திரும்பி நடந்து வாசலுக்குப் போய்விட்டாள்.

மெழுகுதிரியோடு நான் பழைய பெரிய குழிகள் இருந்த பக்கம் போனேன். பிறகு மேற்கு மூலைக்குப் போனேன். பூவரசு நின்றிருக்கலாம் என்று ஒருவர் சொன்ன இடத்தில் குனிந்தேன், நிமிர்ந்தேன். இன்னொருவர் சொன்ன இடம் ஞாபகம் வந்தது. சுற்றிலும் சனங்கள் தங்கள் தங்கள் ஆட்களுக்குப் பக்கத்தில் முழந்தாளில் இருந்தார்கள். திரும்பவும் தூறத் தொடங்கியது. வாசலைப் பார்த்தேன். அவள் போகவில்லை. குடைக்குள் நின்றபடி, நான் எந்த இடத்தில் வைக்கிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.